மிரட்டலுக்கும் ஒரு சட்டம் வேண்டும்

கை ஓங்கி அடித்தவனைப் பிடித்துக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட நிர்வாகத்தைத் தொழில் இலாகாவின் முன் நிறுத்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு தொழிலாளி தமக்குரியதைக் கேட்க வாய் திறக்கும் முன்பே, "கேட்டால் என்ன நடக்கும் தெரியுமா?" என்று ஒரே சொல்லில் அவர் வாயை அடைத்து விடுகிறார்களே, அந்தச் சொல்லுக்கு என்ன சட்டம்? தோட்டங்களில் வேலை செய்யும் பால்வெட்டுத் தோழர்களும் சகோதரிகளும், நம்மைப்போன்ற கிராணிமார்களும் இந்தக் கேள்வியைச் சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். ஒருவர் தம் உரிமையைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் நோக்கத்தோடு அவரை மிரட்டுவது தனியே ஒரு குற்றம். மிரட்டியபடி நடந்தாலும் குற்றம்தான்; நடக்காவிட்டாலும் குற்றம்தான். அதற்கு நியாயம் கேட்கும் அதிகாரம் மிரட்டப்பட்டவரின் கையிலேயே இருக்கவேண்டும். நம் நாட்டில் இதற்கான சட்டங்கள் சில்லறை சில்லறையாக அங்குமிங்கும் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் சேர்த்து, ஏழைத் தொழிலாளி நேரே நுழையக்கூடிய ஒரு வாசலை அரசாங்கம் அமைத்துத் தரவேண்டும்.

மிரட்டல் வரும் விதம்

தோட்டத்து மிரட்டலுக்குக் கத்தியும் வேண்டாம், கம்பும் வேண்டாம். விடியற்காலைப் பெரட்டில், நாலு பேர் காதில் விழும்படி, "உன் நிரையை மேட்டுக் காட்டுக்கு மாற்றட்டுமா?" என்றால் போதும். பால் வற்றிய கிழட்டு மரங்களை வெட்டி எத்தனை கிலோ பால் கொண்டுவர முடியும் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். மாதக் கடைசியில் கூலிச் சீட்டைப் பார்த்து வயிறு எரியப்போவது யாருடையது என்பதும் தெரியும்.

இன்னொருவரிடம் வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். "வேலை போனால் வீடும் போகும், பிள்ளைகள் படிப்பும் போகும்" என்று நல்லவர்போல் எடுத்துச் சொல்வார்கள். லயத்து வீட்டில் பிறந்து லயத்து வீட்டிலேயே மணமுடித்தவருக்கு இதைவிடப் பெரிய அடி எது? வெளிநாட்டிலிருந்து வந்த தோழரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பேசுவார்கள். பிறருடைய பாஸ்போர்ட்டைத் தம் வசம் பூட்டி வைப்பதே 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம் என்பது அந்தத் தோழருக்குத் தெரியாது. பெண்களிடம் மண்டோர் பேசும் மிரட்டலைப் பத்திரிகையில் அச்சிட முடியாது. கிராணிமார்களுக்கும் இது உண்டு. "உன் கணக்குப் புத்தகத்தைத் தலைமை ஆபீஸ் பார்க்கட்டுமா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்து, சங்கச் சந்தாவை நிறுத்தியவர்கள் நம்மில் இல்லையா?

இவற்றிலெல்லாம் பொதுவாக ஒன்று இருக்கிறது. நிரையை மாற்றுவதும், வேலையை நிறுத்துவதும், கணக்கைப் பார்ப்பதும் நிர்வாகத்துக்குச் சட்டப்படி உள்ள அதிகாரங்கள். அந்த அதிகாரத்தையே சாட்டையாக்கிச் சுழற்றுகிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு இது லேசில் அகப்படுவதில்லை.

தண்டனைச் சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 503ஆம் பிரிவு மிரட்டலைக் குற்றம் என்கிறது. ஒருவரின் உடலுக்கோ, நற்பெயருக்கோ, சொத்துக்கோ தீங்கு செய்வேன் என்று பயமுறுத்தி, அவர் சட்டப்படி செய்யக்கூடிய காரியத்தைச் செய்யவிடாமல் தடுப்பது குற்றமுறு மிரட்டல் ஆகும். சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது: ஒருவன் தன்மீது தொடுத்த வழக்கை விட்டுவிடும்படி இன்னொருவனின் வீட்டைக் கொளுத்துவேன் என்றால், அவன் குற்றவாளி. இதற்கு 506ஆம் பிரிவின்கீழ் 2 ஆண்டு வரை சிறை. கொலை செய்வேன், தீ வைப்பேன் என்பது போன்ற மிரட்டலானால் 7 ஆண்டு வரை சிறை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 44ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். "தீங்கு" என்றால் சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் தீங்கு என்று அங்கே பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டைக் கொளுத்துவேன் என்றால் அது தீங்கு. நிரையை மாற்றுவேன் என்றால்? "அது நிர்வாக விஷயம்" என்று ஸ்டேஷனில் கையை விரிக்க இடமிருக்கிறது. போலீஸ் வழக்குப் போட்டு, பத்து காஜா கோர்ட்டில் அது நிரூபிக்கப்பட்டாலும், மிரட்டியவர் தண்டனை பெறுவாரே தவிர, மிரட்டப்பட்டவருக்கு அவர் இழந்த நிரை திரும்பி வராது.

புதிதாகவும் சில பிரிவுகள் வந்திருக்கின்றன. 2024 ஜூலையில், சமூக வலைத்தளத்தில் மிரட்டலுக்கும் இழிசொல்லுக்கும் ஆளான ஓர் இளம் தமிழ்ப் பெண் உயிரை விட்டார். அந்த விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்குக் கிடைத்தது 100 வெள்ளி அபராதம்! 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டம் அதற்குமேல் இடம் தரவில்லை. நாடு முழுவதும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பலனாகத் தண்டனைச் சட்டத்தில் 507பி முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடைமுறைக்கு வந்தன. சொல்லாலும் ஒருவருக்குத் தீங்கு விளையும் என்பதைச் சட்டம் ஒருவாறு ஒப்புக்கொண்டுவிட்டது. மக்கள் வற்புறுத்தினால் சட்டம் மாறும் என்பதற்கும் இது சாட்சி. எனினும் இவையும் போலீஸ் வழியாகச் செல்லும் தண்டனைப் பிரிவுகளே.

1941இல் கேட்டது

நாம் கேட்பது புதிய கோரிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடை ஒழிப்பு இருந்தது. பள்ளிக்கூடமும் வைத்தியமும் இருந்தன. அவற்றோடு, குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. கேட்டவனைத் தொலைத்துவிட்டால் கேட்ட கூலியும் தொலைந்துவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

இன்னொரு கோரிக்கை கிராணிமார்கள் நெஞ்சில் தைக்க வேண்டியது. துரைமார்களையும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கும்படி அன்றைய தொழிலாளர்கள் கேட்டார்கள். இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் புரிந்திருந்தது. மிரட்டல் பழகிப்போனால் அதற்கு மரியாதை என்று பெயர் வந்துவிடுகிறது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் துப்பாக்கிக் கொண்டு அடக்கப்பட்டது. கோரிக்கை மட்டும் சாகவில்லை.

மிரட்டலை வெறும் வாய்ச்சொல் என்று விட்டுவிட்டால் எங்கே போய் முடியும் என்பதற்குத் தாயகத்திலும் ஓர் அழியாத சாட்சி இருக்கிறது. அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சங்கத்தைவிட்டு விலகும்படி நிலச்சுவான்தார்கள் நெருக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க் கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட நிலச்சுவான்தார்களை மேல் கோர்ட் விடுதலை செய்தது. தீ வைத்தபிறகு சட்டம் வந்து என்ன பயன்? "விலகிவிடு" என்று முதன்முதலில் சொன்ன அன்றே அல்லவா அது வந்திருக்க வேண்டும்?

நம் கையில் இருப்பது

1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல ஆயுதம். தொழிலாளி சங்கம் அமைப்பதிலும், சேர்வதிலும், அதன் சட்டபூர்வமான நடவடிக்கைகளில் கலந்துகொள்வதிலும் எவரும் தலையிடவோ, தடுக்கவோ, வற்புறுத்தவோ கூடாது என்கிறது 4ஆம் பிரிவு. "எவரும்" என்ற சொல்லைக் கவனியுங்கள்; துரை மட்டுமல்ல, மண்டோரும் அதில் அடக்கம். 5ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சங்கக் காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது மட்டுமின்றி, நீக்குவேன் என்று மிரட்டுவதும் கூடாது. வேலையில் அவருக்குக் கெடுதல் செய்வது மட்டுமின்றி, செய்வேன் என்று மிரட்டுவதும் கூடாது. நிரை மாற்றுவேன் என்ற மிரட்டல் சங்கத்தின் பொருட்டு வந்ததானால் இந்த வலையில் சிக்கிவிடும். அனைத்துலகத் தொழில் நிறுவனத்தின் 98ஆம் உடன்படிக்கையை 1961இலேயே ஏற்றுக்கொண்ட நாடு இது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைப் பழிவாங்காமல் பாதுகாப்பது அந்த உடன்படிக்கையின்படி நாட்டின் கடமை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலும் 2023 ஜனவரி 1 முதல் 90பி என்ற பிரிவு வந்திருக்கிறது. மிரட்டியோ, ஏமாற்றியோ, பலவந்தமாகவோ வேலை வாங்கி, அந்த இடத்தைவிட்டு வெளியேற விடாமல் தடுக்கும் முதலாளிக்கு 100,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஓட்டை எங்கே என்று இப்போது பாருங்கள். சங்கத்தின் பொருட்டு மிரட்டினால் 5ஆம் பிரிவு. அடைத்து வைத்து வேலை வாங்கினால் 90பி. ஆனால் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் தனக்கு ஏன் சரியாக வரவில்லை என்று ஒரு சகோதரி தனியாகக் கேட்கிறார். "ரொம்பப் பேசினால் வீட்டைக் காலி செய்யவேண்டி வரும்" என்று பதில் வருகிறது. இது சங்க விஷயமல்ல. அடைத்து வைத்ததும் அல்ல. கொலை மிரட்டலும் அல்ல. வேலையைவிட்டு நீக்கினால், 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுத்து வேலையைத் திரும்பக் கேட்கலாம். மிரட்டலோடு நிறுத்திக்கொண்டால்? அந்தச் சகோதரி வாயை மூடிக்கொள்கிறார்; மிரட்டல் வென்றுவிடுகிறது; எந்த இலாகாவின் புத்தகத்திலும் அது பதிவாவதில்லை.

இரண்டாவது ஓட்டை, பிராது போகும் பாதை. தொழிலுறவுச் சட்டத்தின்படி நாம் எழுத்து மூலம் தலைமை இயக்குநருக்குப் புகார் செய்யவேண்டும். அவர் சமரசம் பேசிப் பார்ப்பார். முடியாவிட்டால், தகுந்ததென்று அவர் கருதினால், தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். முன்பு இது அமைச்சர் கையில் இருந்தது. 2021 ஜனவரி முதல் தலைமை இயக்குநர் கைக்கு வந்திருக்கிறது. முன்னேற்றந்தான். ஆயினும் மிரட்டப்பட்டவர் தாமே கோர்ட்டுப் படியேற முடியாது.

பிற நாட்டார் செய்தது

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்றொரு மாநிலம். அதன் தலைநகர் பாஸ்டனில் 1974 முதல், கறுப்பின மாணவர்களையும் வெள்ளை மாணவர்களையும் ஒரே பள்ளியில் சேர்க்கப் பஸ் விட்ட விவகாரத்தில் பெருங் கலவரம் நடந்தது. அந்த மாநிலம் 1979இல் ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. ஒருவருக்கு அரசியல் சட்டமோ வேறு சட்டங்களோ தந்திருக்கும் உரிமையை மிரட்டலாலோ, அச்சுறுத்தலாலோ, வற்புறுத்தலாலோ தடுப்பவர் மீது, பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடுக்கலாம். நஷ்டஈடு கேட்கலாம். "இனி இவரை அணுகாதே, தடுக்காதே" என்று கோர்ட்டின் தடையாணை கேட்கலாம். மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியும் அவருக்காக வழக்காடலாம். தடுத்தவர் சர்க்கார் உத்தியோகஸ்தரா, தனி ஆளா என்ற பேதம் இல்லை. கலிபோர்னியா மாநிலமும் 1987இல் இதுபோன்ற சட்டம் செய்தது.

அந்நாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அச்சட்டத்தின் அடிப்படை நமக்கு ஏற்றது என்கிறோம். என்ன உரிமை, எந்த இலாகா என்று பிரித்துப் பார்க்காமல், உரிமையை மிரட்டித் தடுத்தாயா என்ற ஒரே கேள்வியை அது கேட்கிறது.

அமெரிக்கா வரை போவானேன்? நம் நாட்டிலேயே ஒரு வழி போடப்பட்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நடுவர் மன்றம் ஏற்படுத்தப்பட்டு, 2024இல் செயல்படத் தொடங்கியது. பாதிக்கப்பட்டவர் நேரே புகார் செய்யலாம். பொதுவாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. கூடுமானவரை விசாரணை தொடங்கிய 60 நாட்களுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 250,000 வெள்ளி வரை நஷ்டஈடு கொடுக்க உத்தரவிடலாம். மன்னிப்புக் கேட்கவும் உத்தரவிடலாம். நமது கோரிக்கை இதுதான்: உரிமை கேட்டதற்காக மிரட்டப்பட்ட எவரும் நுழையும்படி இதுபோன்ற ஒரு நடுவர் மன்றத்தைச் சட்டத்தின் மூலம் அமையுங்கள். சம்பளப் புகார், சொக்சோ மனு, வீட்டுக் குறை, சங்க வேலை, கோர்ட்டில் சாட்சி எதுவானாலும் அதற்காக மிரட்டப்பட்டவருக்கு அங்கே இடமிருக்க வேண்டும்.

நம்மையும் கட்டட்டும்

பொய்ப் புகார் பெருகிவிடும் என்று முதலாளிமார் சங்கங்கள் சொல்லக்கூடும். பொய்யைப் பிரித்தெடுக்கத்தானே விசாரணை? பொய் வழக்குக்குப் பயந்து எந்த நாட்டிலும் கோர்ட்டை மூடி வைத்ததில்லை.

"சங்கக்காரர்கள் மட்டும் மிரட்டுவதில்லையா?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சட்டம் வந்தால் அது நம்மையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே நம் பதில். மறியல் செய்யும்போதுகூட, பிறரை அச்சுறுத்தும் அளவுக்குக் கூட்டமாகவோ, அப்படிப்பட்ட முறையிலோ நிற்கக்கூடாது என்று தொழிலுறவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்வதை நாம் ஏற்று நடக்கிறோம். சந்தா கட்டாதவரை ஒதுக்கி வைப்பேன் என்பதும் மிரட்டலே. பத்து காஜாவில் "காட்ஸ் லிட்டில் ஏக்கர்" என்ற கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அவசரகாலத்தில் கொலையுண்ட துரைமார்கள் அங்கே உறங்குவது தெரியும். அந்தக் காலத்தில் காட்டுக்கும் பட்டாளத்துக்கும் நடுவே அகப்பட்டு, இரு பக்கத்து மிரட்டலையும் தாங்கியவர்கள் தோட்டத் தொழிலாளிகள். அச்சம் ஆளும் இடத்தில் கடைசியில் யாருக்கும் பாதுகாப்பில்லை.

சட்டம் வரும் வரையில்

சட்டம் நாளையே வராது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாகாது. மிரட்டலின் பலம் அது வாய்மொழியாக இருப்பதில் இருக்கிறது. அதைக் காகிதத்தில் ஏற்றினால் பாதிப் பலம் போய்விடும். ஆகவே, மிரட்டப்பட்டவர் அன்றைக்கே தேதி, நேரம், இடம், சொன்னவர் பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அப்படியே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அருகிலிருந்தவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைப்பேசியில் வந்த செய்தியையோ குரலையோ அழித்துவிடக் கூடாது. கிளைச் செயலாளரிடம் அன்றே ஒரு நகல் கொடுக்க வேண்டும். அடி, கொலை, தீ என்று பேசினால் போலீசில் புகார் செய்து அதன் நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையிலிருந்து நீக்கினால் 60 நாட் கெடுவை மறக்கக் கூடாது. அறுபத்தோராம் நாள் வந்து அழுது பயனில்லை.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. செக்ரோல் நம் கையில் இருக்கிறது. யார் எந்த நிரைக்கு எந்த நாளில் மாற்றப்பட்டார், அதற்கு முதல் நாள் அவர் என்ன கேட்டார் என்பதை நம் பேனாவைவிட நன்றாக அறிந்தது எதுவுமில்லை. பொய் எழுதச் சொன்னால் மறுப்பதும், விசாரணையில் கேட்டால் உண்மையைச் சொல்வதும் நம் கடமை. எழுதத் தெரியாத தோழருக்கு மனு எழுதிக் கொடுப்பதும் நம் வேலையே. வங்காளதேசத்துத் தோழரும் இந்தோனேசியத் தோழரும் நம்மோடு பால் வெட்டுகிறார்கள். அவர்களுக்கு வரும் மிரட்டல் நமக்கு வந்ததாகவே எண்ண வேண்டும். இன்று அவரிடம் பலித்த வார்த்தை நாளை நம்மிடம் பேசப்படும்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மணி தரையில்தான் கிடக்கும். பத்து காஜா, ஈப்போ வட்டாரத்தில் பால்மரக் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறி, நம் தொகை குறைந்துவிட்டது உண்மை. தொகை குறைந்த கூட்டத்தைத்தான் மிரட்டுவது எளிது. ஆகவே சட்டத்தின் துணை முன்னைவிட இப்போது அதிகம் வேண்டும். ஒவ்வொரு கிளையும் கூட்டம் கூட்டி இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றி, மனிதவள அமைச்சுக்கும் தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பட்டும். தீர்மானத்தோடு, எழுதி வைத்த மிரட்டல்களின் நகல்களும் செல்லட்டும். பெயரும் தேதியும் உள்ள காகிதத்தை எந்த அமைச்சும் வெறும் கூச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது.

உரிமை கேட்கும் தொழிலாளிக்கு வரவேண்டியது பதில், மிரட்டல் அல்ல. அதைச் சட்டமாக்கும் வரை ஓயமாட்டோம்!